புதிய வளாகத்துக்கு மாறும் மருத்துவமனை: தாதியர் மேற்பார்வையாளரின் கடிதத்துக்குப் பதில்

பினாங்குத் தீவில் பணிபுரியும் தாதியர் மேற்பார்வையாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் அவர் வேலை செய்யும் இடத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில், பல இனத்தாரின் நன்கொடையால் வளர்ந்து, லாப நோக்கமின்றி நடக்கும் 80 படுக்கை மருத்துவமனை அது. தெருவை ஒட்டிய பழைய கட்டடத்தை இனி விரிவுபடுத்த வழியில்லை. ஆகவே பாயான் லெப்பாஸ் பக்கம், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிப் புதிய வளாகம் எழும்பியிருக்கிறது. கட்டடக் குத்தகையாளர் மார்ச் இறுதியில் சாவியைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நிர்வாகக் குழுவோ சித்திரைப் புத்தாண்டு அன்று திறப்பு விழா என்று முடிவுசெய்து பிரமுகர்களை அழைத்தும்விட்டது. அன்றைக்கே நோயாளிகளையும் மாற்றத் தொடங்க வேண்டும் என்பது திட்டம்.

இடமாற்றக் குழுவில் தாதியர் சார்பில் இருப்பவர் இந்த வாசகி ஒருவரே. உரிமம் மருத்துவமனையின் பெயரில் இருப்பதால் அதுபற்றிக் கவலையில்லை என்று குழுவில் சொல்லப்படுகிறது, அவரும் அதை நம்புகிறார். இரண்டு வாரங்களுக்குப் பழைய கட்டடம், புதிய கட்டடம் இரண்டிலும் நோயாளிகளை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மாறுவது பாதுகாப்பானது என்பது அவருடைய சொந்த யோசனை. தூரம் காரணமாக வரமுடியாத வார்டு உதவியாளர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் ராஜினாமா செய்யச் சொல்கிறார்களாம். அப்படிச் சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்றே இவரும் எண்ணுகிறார். கடைசியாக, “புதிய வளாகம் நோயாளிகளை ஏற்கத் தயார்” என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். “தேதியைத் தள்ளிப்போடச் சொன்னால் நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பவள் என்று பெயர் வரும். கையெழுத்துப் போட்டால் ராத்திரி தூக்கம் வராது. நான் என்ன செய்ய, டாக்டர்?” என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் பயம் நியாயமானது. நிர்வாகக் குழுவினர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபோவதைப் போல இதையும் நினைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு நோயாளியை அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோகும்முன் நாம் எத்தனை சரிபார்ப்புகள் செய்கிறோமோ, அத்தனையையும் ஒரே நாளில் வார்டு முழுவதற்கும் செய்யவேண்டிய காரியம் இது. ஆகவே இந்தத் திட்டத்தில் தேதி கடைசியில்தான் வரவேண்டும். உரிமம், குழாய்கள், தண்ணீர், ஆட்கள், ஒத்திகை எல்லாம் முடிந்த பிறகு, முடிந்துவிட்டது என்று எழுத்தில் வந்த பிறகு, நாள் குறிக்க வேண்டும்.

சித்திரை முதல் நாளை விட்டுவிடச் சொல்லவில்லை. கட்டடத்துக்குள் பொதுமக்கள் நுழைவதற்கான சான்றிதழ் அதற்குள் கிடைத்திருந்தால், அன்று கணபதி ஹோமம், துவா, சிங்க நடனம், பெயர்ப்பலகைத் திறப்பு எல்லாம் நடக்கட்டும், நோயாளி எவரும் இல்லாத வளாகத்தில். ஹோமத்தை வெளியே கூடாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடத்தினால் புகை உணரும் கருவிகள் அலறும். அதைத் தவிர்க்க யாராவது அவற்றின்மேல் உறையை மாட்டிவிட்டுக் கழற்ற மறந்துபோவார். விழாவையும் இடமாற்றத்தையும் பிரித்துவிட்டால் பிரமுகர்களுக்குச் சொன்ன வார்த்தையும் தவறாது, உங்களுக்கும் காலம் கிடைக்கும். இந்த யோசனையை முதலில் வையுங்கள். குழுவில் பாதி எதிர்ப்பு இதிலேயே கரைந்துவிடும் என்பது என் எண்ணம்.

உரிமம் பெயரோடு நகர்வதில்லை

இதில் நீங்களும் குழுவும் சேர்ந்தே தவறாக எண்ணியிருக்கிறீர்கள். லாப நோக்கமற்றதாக இருந்தாலும் உங்கள் மருத்துவமனை 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ் வருகிறது. 586ஆம் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அது 2006இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு மருத்துவமனைக்கு இரண்டு படிகள் உண்டு: முதலில் அமைப்பதற்கான ஒப்புதல், பிறகு இயக்குவதற்கான உரிமம். இரண்டும் குறிப்பிட்ட இடத்துக்கும் அங்கே நடக்கும் சேவைகளுக்கும் உரியவை. பழைய தெருவில் உள்ள கட்டடத்துக்கான உரிமத்தைக் கொண்டு பாயான் லெப்பாஸில் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்க முடியாது. சுகாதார அமைச்சின் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து, குறைகளைச் சொல்லி, அவற்றைத் திருத்திய பிறகே உரிமம் வரும். மார்ச் இறுதியில் சாவி, ஏப்ரல் 14இல் நோயாளி என்றால் இந்தப் படிகளுக்கு நடுவில் இருப்பது இரண்டே வாரம்.

இதனோடு சேர்ந்தவையும் உண்டு. எக்ஸ்ரே, சி.டி. கருவிகள் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைக் கழற்றி வேறிடத்தில் பொருத்தினால் அந்த அறையின் கதிர்வீச்சுத் தடுப்பைச் சோதித்து, உரிமத்திலும் அந்த மாற்றத்தைப் பதிவுசெய்ய வேண்டும். தீயணைப்பு மீட்புத் துறையின் சான்றிதழ் வேண்டும். மருத்துவக் கழிவுகளை எடுத்துச்செல்லும் ஒப்பந்தம் புதிய முகவரிக்கு மாற வேண்டும். மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை லோரியில் மற்றப் பெட்டிகளோடு அனுப்பக்கூடாது. மருந்தாளுநர் பதிவேட்டோடு எண்ணிக் கொடுத்து, அங்கே இன்னொருவர் எண்ணி வாங்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றே: புதிய வளாகத்துக்கான உரிம விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, அதிகாரிகள் எப்போது வருகிறார்கள்? பதில் கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும்.

சாவி கைக்கு வந்தால் கட்டடம் தயாரா?

சி.சி.சி. என்று எல்லாரும் சொல்லும் கட்டட நிறைவுச் சான்றிதழ், அந்தக் கட்டடத்தில் மனிதர் புழங்கலாம் என்று சொல்கிறது. நோயாளியின் மூக்கில் மாட்டும் குழாயில் வருவது ஆக்சிஜன்தானா என்பதை அது சொல்லாது. 2016இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், பேங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனையில், ஆக்சிஜன் என்று குறியிடப்பட்ட இணைப்பில் நைட்ரஸ் ஆக்சைடு வந்ததால் பிறந்த குழந்தை ஒன்று இறந்தது, மற்றொரு குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்டது. குழாயைத் தவறாக இணைத்தது முந்தைய ஆண்டில். யாரும் ஒவ்வொரு வாயிலிலும் கருவி வைத்து அளந்து பார்க்காததால் அது அத்தனை மாதம் சுவருக்குள் காத்திருந்தது. உங்கள் புதிய வளாகத்தில் ஒவ்வொரு படுக்கைத் தலைமாட்டிலும் உள்ள வாயு இணைப்பைக் குத்தகையாளர் அல்லாத ஒருவர் அளந்து, படுக்கை எண்ணோடு தாளில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாளை நீங்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அது மயக்க மருத்துவரின் வேலை என்று யாராவது சொன்னால், அவரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு மிகுந்த கவலை தருவது அதுதான். ஆளில்லாத கட்டடத்தில் வாரக்கணக்கில் தேங்கும் குழாய்நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு அது கடுமையான நிமோனியாவைக் கொடுக்கும். அது வளரும் வெப்பநிலை 20 முதல் 45 பாகை செல்சியஸ். குளிர்நாடுகளின் கையேடுகள் குளிர்ந்த நீரை 20 பாகைக்குக் கீழ் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. நம் ஊரில் குழாயைத் திறந்தால் வரும் சாதாரணத் தண்ணீரே அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. ஆகவே நமக்கு இருக்கும் வழி, தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருப்பது. சாவி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு குழாயையும் குளியல் பூத்தூவலையும் முறை வைத்துத் திறந்து ஓடவிட ஓர் ஆளும், அதைக் குறிக்க ஓர் அட்டவணையும் வேண்டும். நீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வரப் பத்து நாள் வரை ஆகலாம். அந்த நாட்களையும் திட்டத்தில் சேருங்கள்.

இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) பிரிவில் 12 நாற்காலிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வந்து படுத்துச் செல்பவர்கள் அவர்கள். இடமாற்றத்துக்காக ஒரு முறையைத் தள்ளிப்போடு என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அங்கே பயன்படும் நீர் குடிநீரைவிடப் பல மடங்கு தூய்மையாக இருக்க வேண்டும். குளோரின் சேர்மங்கள் சிறிது மிஞ்சினாலும் சிவப்பணுக்கள் உடையும். புதிய சுத்திகரிப்பு அமைப்பைக் கழுவி, கிருமிநீக்கம் செய்து, வேதியியல் சோதனையும் கிருமிச் சோதனையும் நல்லபடி வந்த பிறகே முதல் நோயாளியை அங்கே உட்கார வைக்கலாம். அதுவரை பழைய இடத்துப் பிரிவு நடந்துகொண்டிருக்க வேண்டும். எதிர்பாராமல் புதிய அமைப்பு நின்றுபோனால் இந்த நோயாளிகளை ஏற்றுக்கொள்ள வேறொரு மையத்தோடு முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகு ஒத்திகை. உண்மையான கட்டிலில் ஓர் ஊழியரைப் படுக்கவைத்து, சுவாசக் கருவியும் மருந்துக் கம்பமுமாக அவசரப் பிரிவிலிருந்து தீவிரக் கண்காணிப்புப் பிரிவுவரை தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். கட்டில் மின்தூக்கிக்குள் நுழையும். ஆனால் தலைமாட்டில் நிற்கும் தாதிக்கு இடமிருக்காது. ஏழாம் படுக்கையின் அழைப்பு மணி வேறு வார்டின் மேசையில் ஒலிக்கும். இப்படிப்பட்டவை வரைபடத்தில் தெரிவதில்லை. ஒத்திகைக்கு மருத்துவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், சமையலறைக்காரர், இரவுக் காவலர் எல்லாரும் வரட்டும். அழுக்குத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று துப்புரவு செய்யும் அம்மா கேட்கும்போதுதான் அதற்கான தொட்டியைக் கட்டவே மறந்தது தெரியவரும்.

இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில்?

உங்கள் யோசனையின் நோக்கம் நல்லது. ஆனால் அது ஆபத்தைக் கூட்டும். இருக்கிற தாதியரை இரண்டாகப் பிரித்தால் இரு இடத்திலும் இரவுப் பணிக்கு ஆள் போதாது. ரத்தம் ஓரிடத்தில் இருக்கும், அறுவை இன்னோரிடத்தில் நடக்கும். மருத்துவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று தேடவேண்டி வரும். வெளிநோயாளிப் பிரிவு, இயன்முறைச் சிகிச்சை, இரத்தச் சுத்திகரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக வெவ்வேறு நாளில் மாற்றலாம். படுக்கையில் இருப்பவர்களை மட்டும் ஒரே நாளில் மாற்றிவிடுவதே உலகெங்கும் பெரிய மருத்துவமனைகள் செய்துவருவது. கனடாவின் மொன்ட்ரியால் நகரில் ராயல் விக்டோரியா மருத்துவமனை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு 2015 ஏப்ரல் 26 அன்று ஒரே நாளில் புதிய வளாகத்துக்குச் சென்றது.

ஒரே நாளில் முடிக்க வேண்டுமானால் அந்த நாளில் நோயாளிகள் குறைவாக இருக்க வேண்டும். பத்து நாட்களுக்கு முன்பிருந்தே, தள்ளிப்போடக்கூடிய அறுவைகளை நிறுத்திவிடுங்கள். வீட்டுக்குப் போகக்கூடியவர்களை அனுப்பி, எண்பது படுக்கையில் இருபத்தைந்து, முப்பது பேர் மட்டுமே எஞ்சும்படி பாருங்கள். வருமானம் குறையும், பொருளாளர் முகம் சுளிப்பார். அதை இடமாற்றச் செலவில் ஒரு வரியாகவே இப்போதே எழுதிவிடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. பாயான் லெப்பாஸ் ஆலைகளின் பணிமாற்ற நேரத்து நெரிசல் அன்று குறைவு. மதியத்துக்குமேல் வரும் இடிமழைக்கு முன்பும் முடித்துவிடலாம். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் தீவுக்குள் வண்டிகள் நகராது என்பது உங்களுக்கே தெரியும். ஏப்ரல் தவறினால் ஜூன், ஜூலை பரவாயில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை வேண்டாம். 2017 நவம்பர் 4, 5இல் தீவு வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் இருக்கட்டும். பெயர், அடையாள அட்டை எண், புறப்படும் படுக்கை, சேரும் படுக்கை, உடன் செல்லும் தாதி, ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகள், தேவைப்படும் ஆக்சிஜன் எல்லாம் அதில் வேண்டும். ஆக்சிஜனைக் கணக்குப் போட்டே அனுப்புங்கள்: 680 லிட்டர் உருளை, நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். பயணம் அரை மணி என்றாலும் ஏற்றவும் இறக்கவும் ஆகும் நேரம் உண்டு. மொத்தத் தேவையைப் போல இருமடங்கு வண்டியில் இருக்க வேண்டும். பினாங்கு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் 999 அழைப்பு மையத்துக்கும் அந்த நாளைப் பற்றி முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். இடமாற்றத்துக்குப் பிறகும் பல வாரங்களுக்குப் பழைய வாசலுக்கு மக்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நெஞ்சுவலியோடு வருபவரைப் பூட்டிய கதவு வரவேற்கக்கூடாது. அங்கே ஒரு தாதியும் ஒரு ஆம்புலன்ஸும், நான்கு மொழியிலும் எழுதிய பலகையும் இருக்கட்டும். கோயில், பள்ளிவாசல், சீனச் சங்கங்கள், மின்னல் எஃப்எம் வழியாக முன்கூட்டியே அறிவியுங்கள்.

“வர முடியாவிட்டால் ராஜினாமா”

இப்படிச் சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று நீங்கள் எடுத்துக்கொண்டது சரியல்ல. முதலில் ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்தையும் பாருங்கள். வேறு இடத்துக்கு மாற்றினால் ஏற்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், நியாயமான இடமாற்றத்தை நிர்வாகம் கேட்கலாம். அப்படி எழுதியில்லாதபோது, இடமாற்றத்தை மறுக்கும் ஊழியரின் வேலையை நிர்வாகமே முடிவுக்குக் கொண்டுவந்தால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு முன்னறிவிப்புக் காலத்தை வரையறுக்கிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் எட்டு வாரம். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் உள்ளவர்களுக்கு 1980ஆம் ஆண்டு விதிகளின்படி பணிமுடிவுப் பலனும் உண்டு. ஐந்தாண்டும் அதற்கு மேலும் சேவை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபது ஆண்டு வேலை செய்த ஒரு துப்புரவுப் பணியாளருக்கு அது 400 நாள் சம்பளம். அவரே ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொடுத்துவிட்டால் இவையெல்லாம் கைவிட்டுப் போகும். எனவே யாரும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஆவணங்களோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்கட்டும். வற்புறுத்தி வெளியேற்றப்பட்டதாகக் கருதுபவர் 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிடக்கூடாது.

ஆனால் சண்டைக்கு முன் ஒரு சிறு செலவைப் பற்றிப் பேசுங்கள். டத்தோ கிராமட்டிலும் ஆயர் ஈத்தாமிலும் இருந்து காலை ஆறரைக்குப் புறப்படும் ஒரு வேன், முதல் ஆண்டு போக்குவரத்துப் படி, இரவுப் பணி முடிந்து திரும்புவோருக்கு ஒரு நடை. இவை கிடைத்தால் பெரும்பாலோர் வந்துவிடுவார்கள். பழைய வார்டில் எந்த நோயாளிக்கு எந்த வேளையில் தடுமாற்றம் வரும் என்று தெரிந்த உதவியாளர்களை, அவர்கள் மிகவும் தேவைப்படும் மாதத்திலேயே இழப்பது நோயாளிக்கும் நட்டம்.

உங்கள் கையெழுத்து

அந்தப் படிவத்தில் இப்போதுள்ள வாசகத்தின்கீழ் கையெழுத்திடாதீர்கள். வாயுக் குழாயையும் மின்னாக்கியையும் நீங்கள் சோதிக்கவில்லை; சோதிக்காததற்குச் சான்றளிக்க எந்தத் தாதிக்கும் கடமையில்லை. 586ஆம் சட்டப்படி ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தகுதிபெற்ற பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். முழுத் தயார்நிலைக்கு அவரே கையெழுத்திட வேண்டும். படிவத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். வாயுவுக்கு மயக்க மருத்துவர், நீருக்கும் மின்சாரத்துக்கும் பொறியாளர், மருந்துக்கு மருந்தாளுநர், வார்டுகளுக்கு நீங்கள். உங்கள் பகுதியில் நீங்கள் கண்ணால் பார்த்தவற்றை மட்டும் எழுதி, குறையிருந்தால் குறையையும் எழுதி, தேதியோடு கையெழுத்திடுங்கள். எந்த நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் இடமாற்றம் தள்ளிப்போகும், அதை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். இடமாற்ற நாளுக்கு 72 மணி நேரத்துக்கு முன் ஒருமுறை, அன்று விடியற்காலை ஒருமுறை, அந்த ஒருவர் “சரி” அல்லது “இன்று வேண்டாம்” என்று சொல்ல வேண்டும்.

குறுக்கே நிற்பவள் என்ற பெயரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1883இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய லாம் வா ஈ மருத்துவமனையும் நகரின் பழைய பகுதியை விட்டுத்தான் இன்றைய இடத்துக்கு வந்தது. எந்த நாளில் மாறியது என்பதை இன்று யாரும் கணக்கில் வைப்பதில்லை; தங்கள் குடும்பத்தாருக்கு அங்கே கிடைத்த கவனிப்பையே மக்கள் சொல்கிறார்கள். உங்கள் குழுத் தலைவரிடம் தனியாக இதைச் சொல்லிப் பாருங்கள். கூட்டத்துக்கு முன்பே மருத்துவ இயக்குநரையும் மயக்க மருத்துவரையும் சந்தித்து, உரிமம், வாயு, தண்ணீர், இரத்தச் சுத்திகரிப்பு ஆகிய நான்கைப் பற்றியும் ஒரு பக்கக் கடிதம் தயாரித்து மூவரும் சேர்ந்து கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.